தோள் உறைவது குளிரினால் அல்ல

கேள்வி: எனக்கு வயது 52. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 30 வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். ஐந்து மாதமாக வலது தோள் நோகிறது. விழவுமில்லை, அடிபடவுமில்லை. முதலில் இரவில்தான் உளைந்தது. இப்போது பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் கூடைக்குள் போட முடியவில்லை; தலை பின்னவும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சுளுக்கு என்று ஒருவர் எண்ணெய் போட்டுக் கையை இழுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அழுதேன். எக்ஸ்ரே பார்த்த வைத்தியர், எலும்பில் குறையில்லை, இது 'உறைந்த தோள்' என்றார். மலைக் குளிர்தான் காரணமா? கை இப்படியே நின்றுவிடுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கை இப்படியே நின்றுவிடுவதில்லை. ஆனால் ஓரிரு வாரத்தில் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று முதல் மூன்று வருடம்வரை எடுக்கலாம், சிலருக்குச் சிறிது இறுக்கம் மிஞ்சவும் கூடும்.

குளிர் இதற்குக் காரணமல்ல. 1934இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கோட்மன் இப்பெயரை வைத்தது, தோள் உறைந்ததுபோல அசையாமல் நிற்பதைக் குறிக்கத்தான். வெயில் கொளுத்தும் ஊர்களிலும் இது வருகிறது. தோள்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. கையை உயர்த்துவதற்கு வசதியாக, அது அக்குள் பக்கம் மடிப்புவிட்டுத் தளர்வாக இருக்கும். அந்த உறையில் அழற்சி ஏற்பட்டு, பின்னர் அது தடித்துச் சுருங்குகிறது. துவைத்துச் சுருங்கிய சட்டை, கையைத் தூக்கும்போது அக்குளில் பிடித்துக்கொள்வதைப்போல. எலும்பில் மாற்றமில்லாததால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு நிறையச் சொல்லியது. கொழுந்தைப் பின்னால் போடுவதற்கும் தலை பின்னுவதற்கும் கையை உயர்த்தினால் மட்டும் போதாது, மேற்கை வெளிப்பக்கமாகச் சுழலவும் வேண்டும். இந்நோயில் முதலில் இறுகுவதும் கடைசிவரை இழுத்தடிப்பதும் அந்தச் சுழற்சிதான். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு மகளை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பியும் வராவிட்டால் அது உறையின் இறுக்கம். தசைநார் கிழிந்திருந்தால் நீங்களாக முடியாவிட்டாலும் இன்னொருவர் அசைக்கும்போது கை பெரும்பாலும் வரும்.

இன்னொன்றை அவசியம் செய்யுங்கள்: இரத்தத்தில் சீனியைப் பரிசோதியுங்கள். 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, இந்நோய் கூடுதலாக வருகிறது; நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், குணமாகவும் நாள் பிடிக்கும். சீனி வருத்தம் இருப்பதையே தோள் நோவுக்காக வந்த இடத்தில் அறிந்துகொண்டவர்கள் உண்டு. தைரொய்ட் பரிசோதனையையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி யாரும் உங்கள் கையை இழுக்க இடம்கொடுக்காதீர்கள். நோவு கடுமையாக இருக்கும் இக்காலத்தில் வலுக்கட்டாயமாக இழுப்பது அழற்சியைக் கிளறிவிடும். அதற்காகக் கையைக் கட்டித் தொங்கவிட்டு அசைக்காமலிருப்பதும் தவறு, இறுக்கம் கூடும். மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, வலக்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானாகச் சிறு வட்டம் போடும். ஒரு நிமிடம், நாளில் நாலைந்து தடவை போதும். அதற்குமுன் சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். நோவு சற்றுத் தணிந்தபின், மல்லாந்து படுத்து, முழங்கையை உடம்போடு வைத்து, குடையின் இரு முனைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்து, இடக்கையால் வலக்கையை வெளிப்பக்கம் தள்ளிப் பழகுங்கள். இழுபடுவது தெரிய வேண்டும். மறுநாள்வரை நோவு நீடித்தால் அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது இடப்பக்கம் சரிந்து, மார்புக்குமுன் ஒரு தலையணையை வைத்து அதில் வலக்கையைத் தாங்குங்கள்.

பரசிட்டமோல் போதாவிட்டால், கடையில் கேட்டு வேறு நோவு மாத்திரைகளை மாதக்கணக்காக விழுங்க வேண்டாம். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதனால் வரலாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி, நோவு மிகுந்த ஆரம்பக் கட்டத்தில் நல்ல பலன் தரும். சீனி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஊசிக்குப்பின் சில நாட்களுக்கு அது ஏறும்.

கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதை அறிவேன். ஓய்வெடுங்கள் என்று எழுதுவது எளிது, அதைக் கடைப்பிடிப்பது அப்படியல்ல. ஆகவே கிளினிக்கில், கை உயர்த்தாத வேலை வேண்டுமென்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: எட்டு மாதமாகியும் என் தோள் இறுகியே இருக்கிறது. மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்துவிடுவதா, துளைவழிச் சத்திரசிகிச்சையா, எது நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

பதில்: பிரித்தானியாவில் 503 நோயாளர்களிடம் இவ்விரண்டையும், ஊசியுடன் சேர்ந்த இயன்மருத்துவத்தையும் ஒப்பிட்டார்கள், 2020இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடத்தின்பின் மூன்றுக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. சத்திரசிகிச்சை பெற்றவர்களிடம் பாரதூரமான சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே ஊசியும் முறையான பயிற்சியும் இதுவரை கிடைத்திராவிட்டால் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பது என் கருத்து. அவற்றைச் சரியாகச் செய்தும் பலனில்லையென்றால் மற்ற இரண்டையும் நிபுணருடன் பேசலாம்.

கேள்வி: மலை ஏறும்போது மட்டும் என் இடது தோளும் கையும் உளைகின்றன, நின்றால் விட்டுவிடுகிறது. இதுவும் உறைந்த தோளா?
– வாசகர், ஹட்டன்

பதில்: இல்லை. உறைந்த தோள் கையை அசைக்கும்போது நோகும், ஏற்றத்தில் நடப்பதால் நோகாது. நீங்கள் சொல்வது இதயத்திலிருந்து வரும் நோவாக இருக்கலாம். இதை வாசித்த இன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுங்கள், தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இருந்தபடியே நோவு வந்தாலோ வியர்த்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.