தரையில் மண்டியிடாமல் குயில்ட்டின் மூன்று அடுக்குகளையும் இணைப்பது எப்படி?

முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத நிலையில், கட்டில் அளவு குயில்ட்டின், அதாவது துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்துத் தைக்கும் போர்வையின், மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் தையலுக்கு முன் தற்காலிகமாக இணைத்துக்கொள்ள வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசை ஒன்றே போதும். பல ஆண்டுகளாக மேசையிலேயே இந்த வேலையைச் செய்துவருகிறேன். தரை வசதியாக இருப்பவர்களுக்கும் மேசையையே பரிந்துரைக்கிறேன்.

தரையில் செய்யச் சொல்வதற்குக் காரணம், முழுக் குயில்ட்டையும் ஒரே நேரத்தில் விரிக்க அங்கேதான் இடம் கிடைக்கிறது என்பது மட்டுமே. உண்மையில் முழுவதையும் ஒரே நேரத்தில் விரிக்க வேண்டிய தேவை இல்லை. அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஊக்கு குத்தும் அந்தப் பகுதியில் மட்டும் மூன்று அடுக்குகளும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். அடித்துணி சுருக்கமின்றி இலேசான விறைப்போடு நிற்க வேண்டும். இந்த விறைப்பின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தளர்வாக விட்டால், இயந்திரத்தில் தைக்கும்போது அடிப்பக்கத்தில் மடிப்பு விழும். இழுத்துக் கட்டிவிட்டாலோ, பிடிப்பை எடுத்தவுடன் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும்போது மேல்துணி ஆங்காங்கே உப்பிக்கொண்டு நிற்கும். துணியின் நூலோட்டம் வளையாமல் நேராகவும், உள்ளங்கையால் தடவினால் துணி முன்னால் சுருண்டு திரளாமலும் இருந்தால் அதுவே சரியான அளவு.

முன்னேற்பாட்டில் அவசரம் வேண்டாம். அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மேல்துணியையும் அடித்துணியையும் இஸ்திரி போட்டு, அடித்துணியில் இணைப்புத் தையல் இருந்தால் அதை இருபுறமும் பிரித்து அழுத்திவிடுங்கள். பொட்டலத்தில் மடங்கிக் கிடந்த பஞ்சை முதல் நாளே பிரித்து ஒரு கட்டிலின் மீது போட்டுவைத்தால் அதன் மடிப்புகள் பெரும்பாலும் தாமே தளர்ந்துவிடும்.

மேசையின் உயரம் நாம் நினைப்பதைவிட முக்கியமானது. வழக்கமான சாப்பாட்டு மேசை ஏறத்தாழ 30 அங்குல உயரம். அதன் அருகே நின்று குனிந்தால் முழங்கால் தப்பும், முதுகு மாட்டிக்கொள்ளும். மேசைக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளை வைத்து, சமையல் மேடையின் உயரமான 36 அங்குலம் வரை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் மேசை ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே துணியை எடுங்கள். அடுத்து, மேசையின் நான்கு விளிம்புகளிலும் நடுப்புள்ளியைக் கண்டு, அங்கே ஒவ்வொரு பல்குச்சித் துண்டை டேப்பால் ஒட்டிவிடுங்கள். மூன்று அடுக்குகளுக்கு மேலிருந்தும் விரலால் தடவி அந்த மேட்டை உணர முடியும் என்பதால், ஒவ்வொரு அடுக்கின் நடுவையும் கண்ணால் தேடாமலே பொருத்திவிடலாம்.

அடித்துணியின் உட்புறம் மேலே தெரியும்படி விரித்து, மேசை விளிம்போடு சேர்த்துப் பெரிய பைண்டர் கிளிப்புகளால் பிடியுங்கள். மேசைப் பலகை தடிமனாக இருந்து கிளிப் வாய் பிடிக்கவில்லையென்றால், தச்சர்கள் பயன்படுத்தும் சிறிய இடுக்கிகள் உதவும். முதலில் ஒரு பக்கத்தின் நடுவிலும், பிறகு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவிலும் போட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கி நகருங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி கோணலாக இழுபடும். பஞ்சையும் மேல்துணியையும் கிளிப்பில் சேர்க்க வேண்டாம். பஞ்சு எளிதில் நீளும் பொருள். அதை நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் நீவிவிட்டாலே படிந்துவிடும்.

ஊக்குகளை மேசையின் நடுவில் தொடங்கி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒன்றாக, அதாவது ஏறத்தாழ 4 அங்குல இடைவெளியில், வெளிநோக்கிக் குத்திக்கொண்டு போங்கள். 60 அங்குலத்துக்கு 80 அங்குலம் என்ற அளவுக்கு இந்தக் கணக்கில் சுமார் 300 ஊக்குகள் தேவைப்படும். குயில்ட்டுக்கென்றே விற்கப்படும் வளைந்த ஊக்குகளை வாங்குவது நல்லது. அவற்றின் முனை அடுக்குகளைத் தூக்காமலே கீழே போய் மேலே வருகிறது. மேசையில் கீறல் விழாமல் இருக்க, குத்தும் இடத்தில் அடித்துணிக்குக் கீழே துணி வெட்டும் பாய் ஒன்றை வைத்துக்கொள்கிறேன். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஊக்கின் முனை பாயை உரசும் மெல்லிய ஒலி கேட்டால், மூன்றாவது அடுக்கையும் அது தொட்டுவிட்டது என்று பொருள். ஒலி வராவிட்டால் பஞ்சோடு நின்றுவிட்டது. ஒரு பகுதிக்கான ஊக்குகளையெல்லாம் முதலில் குத்தி, திறந்த நிலையிலேயே விட்டுவைத்து, பிறகு மொத்தமாக மூடுங்கள். குத்தியவுடன் ஒவ்வொன்றாக மூடினால், மூடும் அழுத்தத்தில் பக்கத்துப் பகுதி நகர்ந்துவிடுகிறது. மூடும்போது ஒரு தேக்கரண்டியின் விளிம்பால் முனையைத் தூக்கிக் கொடுத்தால் விரல் நுனி புண்ணாகாது.

கேள்விகள் பெரும்பாலும் எழுவது, அடுத்த பகுதிக்கு நகர்த்தும்போதுதான். கிளிப்புகளை எடுத்துவிட்டு, ஊக்கு குத்திய பகுதி விளிம்புக்கு வெளியே தொங்கும்படி முழுவதையும் சேர்த்து நகர்த்துங்கள். ஆனால் குத்திய பகுதியின் கடைசி ஒன்றிரண்டு வரிசைகள் மேசையின் மீதே இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கிளிப் போடலாம். குத்தப்படாத பக்கத்தில் மேல்துணியையும் பஞ்சையும் மெதுவாக மடித்துத் திருப்பி, அடித்துணியை மட்டும் மீண்டும் நீவி, பழைய விறைப்புக்கே பிடித்துவிட்டு, பிறகு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக விரியுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் அடிப்பக்கத்தில் மடிப்பு விழுகிறது. தொங்கும் பகுதியின் எடை மேசையில் இருப்பதை இழுத்துவிடும் என்பதால், அதைத் தாங்க இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

நிற்கவும் சிரமம் என்றால், நாற்காலியில் அமர்ந்தே செய்யக்கூடிய பலகை முறை உங்களுக்குப் பொருந்தும். குயில்ட்டின் அகலத்தைவிடச் சற்று நீளமான, 3 அல்லது 4 அங்குல அகலமுள்ள, வளைவில்லாத இரண்டு பலகைகளை எடுத்து, ஒன்றில் அடித்துணியையும் மற்றதில் மேல்துணியையும் சுருக்கமின்றிச் சுற்றிக்கொள்ள வேண்டும். அடித்துணியின் இணைப்புத் தையல் பலகைக்கு இணையாக ஓடும்படி பார்த்துக்கொண்டால், ஒரே இடத்தில் தடித்துப் போகாமல் சுருள் சீராக வரும். பலகைகள் மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருக்க, அடித்துணியை உங்களை நோக்கிக் கை எட்டும் தூரம் விரித்து, அதன்மேல் பஞ்சையும், அதன்மேல் மேல்துணியையும் விரித்து, நீளமான ஊசியால் சாய்வுத் தையல்களாக வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். தைத்த பகுதி மடியில் இறங்க இறங்க, பலகைகள் புதிய துணியைத் தருகின்றன. அவற்றின் எடையே தேவையான விறைப்பையும் தருகிறது. நூல் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும், அடர்நிற நூல் பிரித்த பிறகும் இழைத் துணுக்குகளை விட்டுச்செல்லக்கூடும். ஊக்குகளைவிட நேரம் கூடுதலாகும் என்றாலும், பெரிய குயில்ட்டுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். நூற்றுக்கணக்கான ஊக்குகளின் பாரத்தை இயந்திரத்துக்குள் தள்ள வேண்டியதில்லை, கையால் குயில்ட் தையல் போடுபவர்களுக்கும் ஊக்குகளில் நூல் சிக்காது.

தற்காலிகப் பசை ஸ்பிரேயைப் பயன்படுத்தி, சுவரில் அடித்துணியை டேப்பால் ஒட்டி நின்றுகொண்டே செய்பவர்களும் உண்டு. வேகமான வழிதான்; ஆனால் அந்த ஸ்பிரே எளிதில் தீப்பற்றக்கூடியது, அதன் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதும் நல்லதன்று. சன்னல்களைத் திறந்து, முகக்கவசம் அணிந்து, அடுப்பு எரியாத இடத்தில் செய்ய முடிந்தால் மட்டும் முயலுங்கள். இஸ்திரி சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சு சிறிய குயில்ட்டுகளுக்கு வசதியானது.

எந்த முறையானாலும், தையல் இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் முன் முழுவதையும் கட்டிலில் தலைகீழாக விரித்து, அடித்துணியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தளர்வும் கைக்குத் தெரியும். தளர்ந்த இடம் ஓரத்துக்கு அருகில் இருந்தால், அங்கிருந்து ஓரம் வரையுள்ள ஊக்குகளை எடுத்துத் தளர்வை வெளிப்பக்கமாக நீவிவிட்டு மறுபடி குத்தலாம். நடுவில் இருந்தால் ஓரிரண்டு ஊக்குகளை மட்டும் மாற்றுவதில் பயனில்லை; அந்தப் பகுதியை மேசைக்கே திரும்பக் கொண்டுபோய்க் கிளிப் போட்டுச் சரிசெய்யுங்கள்.