விதைக்கு வாங்கிய வெந்தயத்தை மாட்டுக்கு வைக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். கீரைக்காக 10 சென்டில் வெந்தயம் விதைக்க 3 கிலோ விதை வாங்கினேன். ஒரு கிலோவே போதுமானதாக இருந்தது, 2 கிலோ மிச்சம். ரோஸ் கலரில் மருந்து தடவிய விதை. வீட்டில் ஜெர்சி கலப்பின மாடு இரண்டாம் ஈத்து ஈன்று 20 நாள் ஆகிறது. போன ஈத்தில் 9 லிட்டர் கறந்தது, இப்போது 6 லிட்டரைத் தாண்டவில்லை. ராகித் தாளும், காலை மாலை ஒவ்வொரு கிலோ கலப்புத் தீவனமும் வைக்கிறேன். மிச்ச வெந்தயத்தை நாலு தண்ணீரில் அலசித் தினம் கால் கிலோ வைத்தால் பால் ஏறுமா? அலசினால் மருந்து போய்விடும் என்று விதைக் கடையில் சொல்கிறார்கள். மருமகளுக்குப் பிரசவமாகி 15 நாள். அதிலேயே களியும் கிண்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

பதில்: அந்த 2 கிலோவில் ஒரு பிடிகூட மாட்டுக்கும் வேண்டாம், மனிதருக்கும் வேண்டாம். இதைப் படித்ததும் பையை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அலசினால் போவது சாயம்தான். விதையில் தடவும் திரம் போன்ற பூஞ்சணக்கொல்லிகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. வெந்தயமோ நனைந்தவுடன் வழவழவென்று பசை விடும் விதை. தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதால் விதை சுத்தமாகிவிட்டது என்று ஆகாது. மருந்திட்ட விதையை உணவுக்கோ, தீவனத்துக்கோ, எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்று பையிலேயே அச்சிட வேண்டும் என்பது விதைச் சட்ட விதி. அதை விற்கிறவரே ‘அலசினால் மருந்து போய்விடும்’ என்று சொல்வது பெரிய அநியாயம். அளவிலும் உங்களை ஏமாற்றியிருக்கிறார். ஹெக்டேருக்கு 12 கிலோ என்ற கணக்கில் 10 சென்டுக்கு அரைக் கிலோ போதும். கீரைக்கு நெருக்கி விதைத்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் போகாது. 3 கிலோ தலையில் கட்டியதால்தான் இந்தக் கேள்வியே வந்தது.

மிச்சத்தைக் குப்பைமேட்டிலும் கொட்டாதீர்கள். கோழி கிளறித் தின்றால் கால் வலுவிழக்கும், தோல்முட்டை இடும். திரம் செய்யும் வேலை அது. ஈரம் படாத டப்பாவில் ‘விஷ விதை’ என்று எழுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அடுத்த பட்டத்தில் விதைத்துவிடுங்கள்.

வீட்டுக்கும் மாட்டுக்கும் வேண்டிய வெந்தயத்துக்கு மருந்து விதையே தேவையில்லை. மளிகைக் கடை வெந்தயமே நன்றாக முளைக்கும். வேரழுகலுக்குப் பயந்தால் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து விதையுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கடைசி உழவில் 10 சென்டுக்கு 6 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். பாத்தியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அழுகல் பாதியும் அதனால்தான். கீரை கிள்ளியபின் இரண்டு பாத்தியை விதைக்கு விடுங்கள். விதைத்து மூன்று மாதத்தில் அடி இலை உதிர்ந்து காய் மஞ்சளாகும். காலைப் பனி ஈரத்தோடு பிடுங்குங்கள், வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறும். சரியாகக் காயாத விதையில் பூசணம் பிடிக்கும், அந்தக் கசப்பை வெந்தயக் கசப்பு என்று நினைத்துச் சாப்பிடுவது தப்பு. பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற வரை காய வேண்டும்.

இனி மாடு. வெந்தயம் எவ்வளவு என்று கேட்டீர்கள், தீவனம் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ, மேற்கொண்டு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 6 லிட்டருக்கே 4 கிலோ ஆகிறது. நீங்கள் வைப்பது 2 கிலோ. ராகித் தாளில் வயிறு நிறையும், மடி நிறையாது. தினம் கால் கிலோ வீதம் ஏற்றி 5 கிலோவுக்குக் கொண்டுபோங்கள். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு புளித்து மாடு தீனியை விட்டுவிடும். பசுந்தீவனம், தினம் 50 கிராம் தாது உப்பு, கட்டுத்தறியில் எந்நேரமும் தண்ணீர், இவை மூன்றும் வேண்டும். அதற்குமுன் நாலு காம்பிலும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் சரியானபின் வெந்தயம் துணை நிற்கும். 50 கிராம் போதும். இரவே ஊறவைத்து, ராகிக் கஞ்சியில் வேகவிட்டு, ஒரு கட்டி வெல்லம் சேர்த்து ஆறியபின் 10 நாள் கொடுங்கள். பச்சையாக முழுசாக வைத்தால் ஒரு பங்கு சாணியில் அப்படியே வந்துவிடும். கறந்து முடித்தபின் வையுங்கள். கறவைக்கு முன் வைத்தாலோ கால் கிலோ வைத்தாலோ பாலில் வெந்தய வாடை அடித்து சொசைட்டியில் பேச்சு வாங்குவீர்கள். என்ன எவ்வளவு சேர்ந்தது என்று எழுதாத ‘பால் ஏற்றும் பொடி’ பாக்கெட்டை வாங்காதீர்கள். அந்தக் காசுக்குப் புண்ணாக்கு வாங்கலாம்.

மருமகளுக்குக் களி நல்லதுதான், மளிகை வெந்தயத்தில். புழுங்கலரிசி ஒரு டம்ளர், வெந்தயம் கால் டம்ளர், தனித்தனியாக 5 மணி நேரம் ஊறட்டும். வெந்தயத்தை முதலில் ஆட்டி நுரைத்துப் பொங்கியபின் அரிசியைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் வெந்தயம் மையாகாது, கசப்பு நாக்கில் நிற்கும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், கொதிநீரில் ஊற்றினால் கட்டி விழும். சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டு இறக்குங்கள். முதலில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று. வயிறு ஒத்துக்கொண்டால் கூட்டலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள், சர்க்கரை இறங்கிவிடக்கூடும். தாய் வெந்தயம் சாப்பிட்டால் குழந்தையின் மூத்திரத்தில் வெல்லப்பாகு வாசனை வரலாம். ஒரு பிறவி நோயிலும் அதே வாசனை வரும் என்பதால், குழந்தையைக் காட்டும்போது களி கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.