காகத்தில் இரண்டு ‘க’: வாசிக்கப் பழகும் பிள்ளைகள், கேள்வி பதில்

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பல காலம் ஆண்டு ஒன்று (முதல் வகுப்பு) பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பெற்றோரும் தாத்தாமாரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

கெப்போங்கிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகளுக்கு ஆறு வயது. தாடிக்காவில் (பாலர் பள்ளியில்) அ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். எங்கே தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை அம்மா. அவளுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து இன்னும் தெரியவில்லை. அட்டவணையின் நடுவில் ஓர் எழுத்தில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அ’விலிருந்து மனத்துக்குள் பாடிக்கொண்டு வந்துதான் சொல்வாள்.

நானும் இதில் ஏமாந்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் பாடத்தை அழகாக வாசிக்கிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். ஆனாலும் விட்டுப்போன பக்கத்தையே தடங்கல் இல்லாமல் ‘வாசித்தான்’!

247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வேண்டாம். ப, ட, ம, ர, ம் ஆகிய ஐந்தை மட்டும் துண்டு அட்டைகளில் எழுதுங்கள். படம், மரம், மடம், பம்பரம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். அட்டைகளை அவளே நகர்த்திச் சேர்க்கட்டும், நீங்கள் ஒலியை மட்டும் சொல்லுங்கள். அடுத்து கால் வாங்கும் எழுத்து, அப்புறம் ‘இ’, ‘ஈ’ வரிசை. கொம்பு போடும் எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ‘கேணி’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு, வாயில் முதலில் வருவதோ ‘க்’. ‘கொ’ இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். இடமிருந்து வலமாகப் போக இப்போதுதான் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு.

செராஸிலிருந்து ஓர் அப்பா: ‘காகம்’ என்பதில் இரண்டு க-வும் ஏன் வேறு வேறு மாதிரி ஒலிக்கிறது என்று மகன் கேட்கிறான். பதில் தெரியவில்லை.

பையனுக்கு நல்ல காது! மலாயிலும் ஆங்கிலத்திலும் ‘கே’, ‘ஜி’ என்று தனித்தனி எழுத்து பார்த்து வளர்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். தமிழில் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக வரும்: கடல், பக்கம். மெல்லெழுத்தை ஒட்டி வந்தால் குழையும்: தங்கம். இரண்டு உயிரொலிக்கு நடுவே தளர்ந்துவிடும்: நகம். பம்பரத்தில் இருக்கும் இரண்டு ‘ப’வைச் சொல்லச் சொல்லுங்கள், அவனே கண்டுபிடித்துவிடுவான். விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

செத்தாப்பாக்கிலிருந்து ஓர் அம்மா: மூன்று மொழியும் ஒரே நேரத்தில் படிப்பதால் குழம்புகிறானா?

கொஞ்சம் குழம்புவான், அது கெடுதல் இல்லை. மலாயில் ‘சி’ (c) என்ற எழுத்து எப்போதும் ‘ச்’தான், சாவான் (கோப்பை), சுச்சி (கழுவு) என்பது போல. அதே எழுத்து ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ (cat) என்னும்போது ‘க்’, ‘சிட்டி’ என்னும்போது ‘ஸ்’. அந்தப் பூனையை ‘சட்’ என்று வாசிக்கிற பிள்ளை மலாய்ப் பாடத்தை ஒழுங்காகக் கற்றிருக்கிறான் என்று அர்த்தம். புத்தகத்தைத் திறக்குமுன் ‘இது மலாய்’, ‘இது இங்கிலீஷ்’ என்று சொல்லிவிடுங்கள், போதும். மலாயில் சூக்கு காத்தா (அசை), தமிழில் உயிர்மெய், இரண்டும் அசை அசையாகப் போகும் என்பதால் ஒன்று மற்றதற்குத் துணை செய்யும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒழுங்கு குறைவு, அது மெதுவாகத்தான் வரும்.

ஜிஞ்சாங்கிலிருந்து ஒரு தம்பி: நான் தேசியப் பள்ளியில் (மலாய்வழிப் பள்ளியில்) படித்தவன், தமிழ் வாசிக்கத் தெரியாது. மகளுக்கு எப்படி உதவுவது?

வெட்கப்பட வேண்டாம் தம்பி, இந்தக் கேள்வியைப் பலர் ரகசியமாகக் கேட்கிறார்கள். மகளை உங்களுக்கு டீச்சராக்குங்கள். தினமும் பத்து நிமிடம், அன்று பள்ளியில் படித்ததை அவள் உங்களுக்குச் சொல்லித்தரட்டும். நீங்கள் நிஜமாகவே தப்பு செய்வீர்கள், அதைத் திருத்தும்போது அவள் எழுத்தை உற்றுப் பார்ப்பாள். கதை சொல்ல வாசிப்புத் தேவையில்லை, படத்தைப் பார்த்து நம் பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம். சொல்லைக் காதால் கேட்டறியாத பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பொருள் புரியாமல் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தாத்தா: நான் ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய முறையில் துதிக்கை போட்டு எழுதுகிறேன். பேரன் குழம்புவானோ?

பெரியார் கைக்கொண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது ஐயா, பேரனின் பாடநூலிலும் அதுதான். அவனுக்கு எழுதிக் காட்டும்போது மட்டும் புதியதைப் பயன்படுத்துங்கள். பழையதை ‘தாத்தாவின் யானை எழுத்து’ என்று காட்டினால் சந்தோஷமாகக் கற்றுக்கொள்வான்.

அம்பாங்கிலிருந்து ஓர் அம்மா: மகன் ஆண்டு மூன்று. பேச்சில் சூரன், வாசிப்பு வரவே இல்லை. சோம்பேறி என்கிறார்கள்.

அந்தச் சொல்லை வீட்டில் தடை செய்யுங்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பது சிலருக்குப் பிறவியிலேயே கடினம். ஏழு வயதுவரை எழுத்தைத் திருப்பிப் போடுவது சகஜம், ஒன்பதிலும் சொல்லைக் கூட்ட முடியாவிட்டால் காத்திருக்காதீர்கள். அரசு கிளினிக்கில் சொல்லி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள், வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். ஆண்டு ஆறில் இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே தேர்வு பயத்தில் அவனைக் கசக்கிப் பிழியக் காரணமில்லை.

பூச்சோங்கிலிருந்து ஓர் அக்கா: கைப்பேசியில் எழுத்துப் பாட்டு போட்டுக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் அது பாட்டுதான். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் கடைப் பலகையில் ‘ம’ எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தோசைக் கடை வாசலில் ஒரு பையன் ‘ம்’மையும் சேர்த்து எண்ணலாமா என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறான்.