தாத்தாவைப் பற்றி எழுதுவது

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா போன மாதம் காலமானார். வயது 88. முதல் நினைவு நாளுக்கு அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சிடலாம் என்று வீட்டில் முடிவுசெய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு முப்பது வயது. எழுத உட்கார்ந்தால் அவர் கடைசியாகப் படுத்திருந்த வாரங்கள் மட்டும்தான் கண்முன் வருகின்றன. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் எல்லோருக்கும் பொருந்துகிற அஞ்சலிக் குறிப்பாகிவிடுகிறது. தன் இளமைக் கதைகளை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நாங்கள் பாதியில் நழுவிவிடுவோம். இப்போது ஒரே கதையை அண்ணன் ஒரு மாதிரி சொல்கிறான், நான் ஒரு மாதிரி சொல்கிறேன். எது சரி என்று கேட்க அவர் இல்லை. அந்தத் தலைமுறையில் மிச்சம் அவருடைய தங்கை ஒருவர்தான். எங்கே தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

கடைசி வாரங்கள் முந்திக்கொண்டு வருவது உங்கள் அன்பில் உள்ள குறை இல்லை. மனம் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் தன் சகாக்களோடு செய்து 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு முறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்பின் நீரை 15 டிகிரி வரை மெல்லச் சூடாக்கியபடி மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதைத்தான் சொன்னார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் தேவலாம். உங்கள் தாத்தா விஷயத்தில் முடிவு கடுமையாக இருந்திருக்கிறது, அதனால் 88 வருஷத்தையும் அது மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வாரங்களை முதலில் தனியாக ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், புத்தகத்தில் சேர்க்கவும் வேண்டாம். எழுதி இறக்கி வைத்தால்தான் மற்றவை வர வழிவிடும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் பிறந்தபோது அவருக்கு 58 வயது. உங்களுக்கு விவரம் தெரியும்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் வேலை தேடி அலைந்தது, யாரையோ விரும்பியது அல்லது விரும்பாமல் மணந்தது, கடன்பட்டது, கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாமல் விழித்தது எல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. பேரப்பிள்ளைகள் எழுதும் நினைவுக் குறிப்புகள் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வுபெற்ற ஒரு சாந்தமான கிழவரையே முழு மனிதர் என்று எழுதிவிடுகிறோம்.

நீங்கள் நழுவிப் போனீர்களே, அந்தக் கதைகள்தான் விடுபட்ட பகுதி. வயதானவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயது வரையான காலம் மற்ற வருஷங்களைவிட அடர்த்தியாக வரும். நினைவு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த விஷயம் இது. பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாக மருத்துவர்களே எண்ணியிருந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல் அதை மறுத்து எழுதினார். முடிவு நெருங்குவதை உணர்கிறவர் தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்துச் சரிபார்க்கிறார், அது இயல்பான வேலை என்றார். அதனால் தாத்தா எந்தக் கதையை அதிகம் சொன்னார் என்று பட்டியல் போடுங்கள். அதில் அவர் ஜெயித்தாரா, அவமானப்பட்டாரா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்காமல் விட்டாரா என்று பாருங்கள். புத்தகத்தின் நடுப்பகுதி அங்கே கிடைக்கும்.

அண்ணன் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகாதது பெரிய சிக்கல் இல்லை. ஃபிரெடெரிக் பார்ட்லெட் கேம்பிரிட்ஜில் ஒரு வட அமெரிக்கப் பழங்குடிக் கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். எழுதியவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாததை விட்டார்கள், அல்லது பழகியதாக மாற்றினார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். இரண்டு வடிவத்தையும் அச்சிடுங்கள், யார் சொன்னது என்று குறிப்பிட்டு. ஒன்றாக இழைத்து 'சரியான' கதை தயாரிக்க வேண்டாம்.

தாத்தாவின் கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். பிடிவாதக்காரர் என்றால் பிடிவாதக்காரர்தான். 'அன்பே உருவானவர்' என்று எழுதினால் அவரோடு வாழ்ந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பார்கள். உயிரோடிருப்பவர்களைக் காயப்படுத்தும் குடும்பச் சண்டை மட்டும் விதிவிலக்கு. அதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்காமல் அச்சேற்றக் கூடாது.

எங்கே தொடங்குவது என்றால், அந்தத் தங்கையிடம். எழுதுவது அப்புறம் இருக்கட்டும், இந்த வாரமே போய்ப் பாருங்கள். 'தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'நல்ல மனுஷன்' என்று முடித்துவிடுவார். பழைய புகைப்படங்களை எடுத்துப்போய் இது யார், எந்த இடம், ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சின்ன வயதில் தாத்தா எதற்கு அடி வாங்கினார், எதற்கு அழுதார், எந்த வேலைக்குப் போக மறுத்தார் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள், அன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுதும்போது அழுத்தாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அவர் களைத்துப்போனால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் போகலாம். உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் இருவரும் வேறு வேறு மாதிரி சொல்லும் கதைக்கு மூன்றாவது வடிவம் ஒன்று அந்தத் தங்கையிடம் இருக்கும்.