பன்னீர் கெடாமலிருக்கக் கிராம்பு எண்ணெய் விடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப்புறத்தில் வசிக்கிறோம். சொந்த மாட்டுப் பாலில் பன்னீர் செய்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கிறேன். நான்காம் நாளே புளித்துவிடுகிறது. கிலோவுக்குப் பத்துத் துளி கிராம்பு எண்ணெய் விட்டால் இரண்டு வாரம் தாங்கும் என்கிறார்கள். இயற்கைப் பொருள்தானே, டாக்டர்? மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பேரனுக்கு இரண்டு வயது.

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்குச் சொன்னவர்கள் முற்றிலும் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியாகிய யூஜினாலும், ஓமத்தில் உள்ள தைமாலும் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கக்கூடியவை. அதனால்தான் பாலாடைக்கட்டிக்கு இயற்கைப் பதப்பொருளாக இத்தகைய எண்ணெய்களை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். ஆனால், சோதனைக் குழாயில் கிருமியை அடக்கும் அதே அளவு பாலாடைக்கட்டியில் போதுவதில்லை. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஈரப்பகுதியில் பெருகும் கிருமியை அது போதிய அளவு சென்று சேர்வதில்லை. அளவைக் கூட்டினாலோ பன்னீரை வாயில் வைக்க முடியாது.

பேரன் விஷயத்தில் கணக்கே போட்டுப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த கூட்டு நிபுணர் குழு, யூஜினாலுக்கு வகுத்த அன்றாட வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 30 மில்லிகிராம். ஒரு துளி கிராம்பு எண்ணெயிலேயே ஏறக்குறைய 40 மில்லிகிராம் யூஜினால் இருக்கும். எண்ணெய் சீராகக் கலக்காது என்பதால், ஒரே துண்டில் இரண்டு மூன்று துளிகள் தேங்கியிருக்கவும் கூடும். அந்தப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். 5 முதல் 10 மில்லி வரை குடித்துவிட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் வலிப்பும் ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன.

எனக்குப் பெருங்கவலை உங்கள் மருமகளைப் பற்றியதுதான். லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்ப்பெட்டியில் 4 டிகிரி குளிரிலும் வளரும்; ஈரம் மிகுந்த பன்னீர் அதற்கு ஏற்ற இடம். அது இருப்பதை மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விட, வயிற்றிலுள்ள குழந்தை இறந்துபோகவும் நேரலாம். கிராம்பு மணம் புளித்த வாடையையும் மறைத்துவிட்டால், இரண்டு வாரப் பன்னீரை நம்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

ஆகவே எண்ணெய் வேண்டாம். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். அதன் பிறகு கிருமி வருவது பெரும்பாலும் கையிலிருந்தும் வடிகட்டும் துணியிலிருந்தும்தான் என்பதால், துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுங்கள். வடிந்ததும் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சுவதை அன்றைக்கே உறைபெட்டியில் வையுங்கள். அண்டை அயலாருக்கும் செய்த தேதியைச் சொல்லிக் கொடுங்கள். மருமகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல், குழம்பில் கொதிக்க வைத்துச் சூடாகப் பரிமாறுங்கள். லிஸ்டீரியாவின் அறிகுறி சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். அவருக்குக் காய்ச்சலோ உடல்வலியோ கண்டால் அன்றே அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, வீட்டுப் பன்னீர் சாப்பிட்டதையும் மறவாமல் தெரிவியுங்கள்.