மண்ணைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓமந்தைப் பக்கம் மேட்டில் காணி வாங்கினோம். கிணறு வெட்டினால் 18 அடியில் கருங்கல், தண்ணீர் ஒரு வாளிகூட இல்லை. கீழ்க்காணிக்காரருக்கு ஆவணியிலும் மோட்டர் ஓடுகிறது. வெடி வைத்துப் பார்க்கலாமா?

பதில்: ஊர் நினைப்பிலேயே வெட்டியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அடியில் சுண்ணாம்புக்கல், உள்ளே பொந்தும் வெடிப்புமாக இருப்பதால் மழை இறங்கித் தங்கிவிடும். ஓமந்தையில் கிடப்பது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மூத்த நைஸ் என்கிற கெட்டியான கருங்கல் பாறை, அதில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். மற்றபடி நீர் நிற்பது பாறைக்கு மேலே மக்கிப்போன கல்லில். வெட்டிக் குவித்த மண்ணைப் போய்ப் பாருங்கள்: மேலே செம்மண், பிறகு கிரவல், அதற்கும் கீழே விரலால் நசுக்கினால் உதிர்ந்து மைக்கா மினுங்குகிற கல் வரும். அந்தப் படை உங்கள் மேட்டில் மெல்லிசாக இருக்கும், கீழ்க்காணியில் தடிப்பாக இருக்கும், போதாததற்குக் குளத்துக் கசிவும் அவருக்குத்தான். வன்னியில் ஆட்கள் கிணற்றை நம்பாமல் குளம் கட்டியது சும்மா இல்லை, ஒரு குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் வழி) பாய்ந்தால் அடுத்த குளம் நிரம்புகிற மாதிரிப் பள்ளம் வழியே வரிசையாகக் கட்டினார்கள்.

வெடிக்குக் காசைக் கொட்டாதீர்கள். காணியின் பள்ளமான மூலையில் அகலமாக ஒரு கிணறு வெட்டுங்கள், மேட்டில் மழையோடு உழுந்தோ பயறோ கச்சானோ போடலாம். ஒன்று, இந்தச் செம்மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். முதல் மழை விட்டு ஈரம் பதமாக இருக்கிற சில நாள்தான் உழவுக்கு, அதைத் தவறவிட்டால் சரி, அடுத்த மழைதான்.

கேள்வி: முருங்கனில் எங்கள் வயல் கோடையில் கை போகிற அளவுக்குப் பிளக்கிறது. மண் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அது நெல்லுக்கு நல்ல மண். அந்தக் கறுப்புக் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரைத் திறந்தவுடன் வயல் நிரம்பாதது அதனால்தான், முதல் தண்ணீரை வெடிப்புகள் குடித்துவிடும். பிறகு மூடிக்கொண்டு சொட்டும் விடாது. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு முன்பு களி போனதும் உங்கள் பக்கத்திலிருந்துதான். வீடு கட்டுவதென்றால் மட்டும் அத்திவாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், மண் ஊதிச் சுருங்கச் சுவர் வெடிக்கும்.

கேள்வி: பூநகரியில் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

பதில்: உப்புத்தான் வரும். கரையோரத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழத்தை விடுங்கள், இறைப்பைக் குறையுங்கள்.