வகுப்பு இரண்டாகப் பிரியும்போது ஆசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் யூதப் பள்ளி ஒன்றில் 10-ஆம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். காசா போர் பற்றிப் பேச்சு எழுந்தாலே மாணவர்கள் இரண்டு அணியாகிவிடுகிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவி அழுதுகொண்டே வெளியேறிவிட்டாள். இந்தப் பேச்சையே தவிர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் தவிர்த்தாலும் பிள்ளைகள் தவிர்க்கப்போவதில்லை. உங்கள் கண்ணில் படாமல் கைபேசியில் அந்தச் சண்டை தொடரும். ஆனால் முதலில் அந்த மாணவியிடம் தனியாகப் பேசுங்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் உறவினரை இழந்த பிள்ளையும், காசாவில் மடியும் குழந்தைகளை நினைத்துத் தூக்கம் கெட்ட பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விவாதத்தைத் தொடங்கக் கூடாது.

அடுத்து, காசாவில் ஆரம்பிக்காதீர்கள். எட்டு நாள் யூதப் பண்டிகையான ஹனுக்காவின் விளக்கில் ஆரம்பியுங்கள். முதல் நாள் எட்டு விளக்கேற்றி, நாளுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றார்கள் பழங்கால யூத அறிஞர் ஷம்மாயின் வழியினர். ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், புனிதமானதில் ஏறுமுகம்தான் தகும் என்றார்கள் இன்னோர் அறிஞரான ஹில்லேலின் வழியினர். இன்று வழக்கத்தில் இருப்பது ஹில்லேல் முறை. அதனாலேயே ஷம்மாய் தரப்புக்காக வாதாடும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஹவ்ருதா எனப்படும், இணையாக உட்கார்ந்து விவாதித்துப் படிக்கும் யூத வழக்கப்படி இருவர் இருவராக உட்காரட்டும். "இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று விளக்கே காட்டுகிறதே!" என்று எவராவது சொல்லக்கூடும். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று அதுவேதான். தோற்ற தரப்புக்கும் நியாயம் உண்டு என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடுகிறது.

பிறகு தல்மூதில் 'எருவின்' என்ற பகுதியில் வரும் கதையைப் படியுங்கள். இரு தரப்பும் மூன்றாண்டுகள் தர்க்கம் செய்தபின் வானிலிருந்து ஒரு குரல்: இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்களே, சட்டமோ ஹில்லேல் வழிப்படி. ஏன் அவர்கள் பக்கம்? அவர்கள் சாந்தமானவர்கள், எதிர்த் தரப்பின் வாதத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் வாதத்துக்கு முன்பாகவே சொன்னார்கள்.

இதையே வகுப்பின் விதியாக்குங்கள். காசா பற்றிப் பேச விரும்புபவர், எதிர்த் தரப்பு சொன்னதை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். "ஆம், நான் சொன்னது அதுதான்" என்று எதிர்த் தரப்பினர் ஒப்புக்கொண்ட பிறகே தன் கருத்துக்குப் போகலாம். ஒரு பாடவேளையில் நான்கைந்து பேர்தான் பேச முடியும். பரவாயில்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

நடந்த கொலைகளை நடக்கவில்லை என்பதும், எந்த மக்களையும் மனிதரல்ல என்பதும் கருத்து வேறுபாடு ஆகாது. அங்கே பேச்சை நிறுத்துங்கள். மோசேயை எதிர்த்த கோராகின் கலகத்தை, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூல் விண்ணுக்கான வாதமாக, அதாவது கடவுளுக்காகச் செய்யும் நேர்மையான வாதமாக, ஏற்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

முக்கியமாக, வகுப்புக்கு முன்பே இந்த விதியைப் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.